செத்தவர் பெயரில் வாங்கிய மூக்குப்பொடி

செத்துப்போன ஒரு மனிதரை நான் உயிரோடு வைத்திருந்தேன். பெயர் சென்னியப்பன். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டியவர். என் அப்பாவுக்கு இருந்த ஒரே நண்பர். அவர் இறந்ததை அப்பாவிடம் சொல்லாமல் மறைத்தவன் நான்.

வயதானவர், மனது தாங்காது, டாக்டர் சொல்ல வேண்டாம் என்றார்... இப்படி ஏதாவது ஒரு கௌரவமான காரணத்தை எதிர்பார்க்கிறீர்களா? மன்னியுங்கள், இல்லை. ஒரு கறிவிருந்துக்காக மறைத்தேன்!

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். என்னைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கும், ஐம்பதைத் தாண்டிய கோமாளி நான். கல்யாண மண்டபத்தில் மைக் கைக்கு வந்தால் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். அந்த வாய்தான்... அதே வாய்தான் இந்தக் காரியத்தையும் செய்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் குற்றத்தின் எடை உங்களுக்குத் தெரியாது.

மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. மில்லை மூடினார்கள், அவர் புத்தகத்தைத் திறந்தார். அதற்கு முன்பும் திறந்துதான் வைத்திருந்தார். வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளைக் கிழித்து, அடுக்கி, பைண்டிங் செய்து வைப்பார். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பார். பத்திரிகையில் எப்போதும் இரண்டு பிரதி வாங்குவார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்றைச் சிங்காநல்லூர் பேருந்து நிறுத்தத்துச் சலூன் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். "முடி வெட்டறதுக்குக் காத்திருக்கறவன் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கானே கண்ணு" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதுதான் முக்கியம். தெரிந்த வீட்டில் சாவு என்றால் சுக்குக் காப்பி போட்டு, பெரிய எவர்சில்வர் பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்விடுவார். மாலை வாங்க மாட்டார். பேச மாட்டார். அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை நீட்டுவார், அவ்வளவுதான்.

"எழவு ஊட்ல அழுகறவங்களுக்குத் தொண்டை காயும் கண்ணு. ஆனா வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க."

அந்தப் பிளாஸ்க் வேறெதற்கும் எங்கள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. பழனிக்கோ கொடுமுடிக்கோ போனால்கூட வேறு பிளாஸ்க்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சர்க்கரை வந்து அப்பாவின் கண்களைத் தின்றது. உருவம் தெரியும், எழுத்து தெரியாது. அன்றிலிருந்து நான் அவருடைய கண்ணாடி ஆனேன். காலையில் செய்தித்தாள், மாலையில் கதை. நடுவில் துக்க வீடுகளுக்கு டிரைவர். அங்கேதான் என் கள்ளத்தனம் ஆரம்பித்தது!

செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் வந்தால், தெரிந்த பெயராக இருந்தால், தாவிவிடுவேன். கடையைப் பூட்டிவிட்டு யார் அலைவது? கையைப் பிடித்து நடக்கும்போது அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்பார்.

"செவுத்துல யாரு கண்ணு?"

கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். நான் சொல்வேன், "சினிமா போஸ்டருங்கப்பா."

"ஹீரோவுக்கு வயசாயிருச்சாட்ட இருக்குது?"

"ஆமாங்கப்பா. இன்னும் அவனையே போட்டு எடுக்கறாங்க."

அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இப்படி எத்தனை பேரைச் சாகவிடாமல் காப்பாற்றியிருக்கிறேன் தெரியுமா? எமனுக்கே சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தவன் நான்! யாரும் பெரிதாக நஷ்டப்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பு...

சென்னியப்பனுக்குத் தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. அப்பாவுக்குக் கண் போய்விட்டது. போனில் பேச முடியாது. எனவே இருவருக்கும் இடையில் புத்தகம்தான் பேச்சு. நான் படித்துக் காட்டிய புத்தகத்தை அப்பா மஞ்சப்பையில் போட்டுக் கொடுப்பார். கருமத்தம்பட்டிப் பக்கம் சரக்கெடுக்கப் போகும்போது நான் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கி வருவேன். கூடவே ஒரு திட்டும் வாங்கி வருவேன். சென்னியப்பனுக்கு எந்தப் புத்தகமும் பிடிக்காது. "இவன் கதை எழுதுனானா, கம்மங்கூழு கிண்டுனானா? போயி உங்கொப்பன்கிட்டக் கேளு!" என்று கத்துவார். அப்பாவுக்கு அந்தத் திட்டுதான் தேன். திரும்பி வந்த புத்தகத்தை மூக்கில் வைத்து முகர்வார். பக்கமெல்லாம் சென்னியப்பன் போடும் மூக்குப்பொடி. ஒரு தும்மல் போடுவார். "சென்னியப்பன் வந்துட்டான்!" என்பார்.

இனி அந்தக் காலை.

போன் எனக்குத்தான் வந்தது. சென்னியப்பனின் மனைவி வள்ளியம்மா. "தம்பி... அவரு போயிட்டாருங்க. ஐயாவக் கூட்டியாந்துருங்க" என்றார். "வாரனுங்கம்மா" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

ஆனால் வாசலில் கார் நின்றது. நண்பர்கள் ஹாரன் அடித்தார்கள். பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்பில் விருந்து. நான் இல்லாவிட்டால் சிரிக்கவைக்க ஆளில்லை என்று முந்தைய வாரமே சொல்லிவைத்தது. அப்பா ஈசிச்சேரில் உட்கார்ந்து, "காலைல யாரு கண்ணு போனுல?" என்றார்.

"கம்பெனிக்காரங்கப்பா" என்றேன். நாக்கு பழகியிருந்தது. யோசிக்கவே இல்லை.

சாயந்திரம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தோப்பில் நான் சொன்ன நகைச்சுவைக்கு ஒருவன் சிரித்துப் புரையேறினான். அந்த நேரம் கருமத்தம்பட்டியில் அவரைத் தூக்கியிருப்பார்கள். சாயந்திரம் வந்தேன். எரித்த பிறகு சொன்னால் ஏன் காலையில் சொல்லவில்லை என்று கேட்பாரே! மறுநாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பார். அதற்கு மறுநாள்... இப்படித்தான் நண்பர்களே, கோழைகள் கட்டடம் கட்டுவது. ஒவ்வொரு நாளும் ஒரு செங்கல். கடைசியில் கதவு வைக்க இடமே இல்லை.

சில நாள் கழித்து நான் மட்டும் போனேன். வள்ளியம்மா என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். அப்பாவைத் தேடினார்!

"ஐயா வரலீங்களா தம்பி?"

"அப்பா அழுதுட்டே படுத்துட்டாருங்கம்மா. எந்திரிக்கவே முடியலீங்க."

இரண்டாவது பொய். இதை ஒப்பனையோடு சொன்னேன். துண்டால் கண்ணைக்கூடத் துடைத்தேன்.

"எல்லா எழவுலயும் அவரு காப்பிதானுங்க மொதல்ல வரும்" என்றார் வள்ளியம்மா. "அன்னிக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிப்போச்சு தம்பி. வாசல்லயே பாத்துட்டு இருந்தனுங்க, ஐயா வருவாரு வருவாருன்னு..."

பயந்தால் எனக்கு வயிறுதான் முதலில் அழும். அந்தத் துக்க வீட்டில் நான் கேட்ட முதல் கேள்வி, கழிப்பறை எந்தப் பக்கம் என்பது! இதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

கிளம்பும்போது, சென்னியப்பன் கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை வள்ளியம்மா கொடுத்தார். பாதியில் ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது. அதுவரைதான் படித்திருந்தார். காரில் உட்கார்ந்து அந்த மடிப்பை நகத்தால் நீவிச் சரிசெய்தேன். அழுதேனா என்கிறீர்களா? இல்லை. தடயத்தை அழித்தேன்.

அப்பா புத்தகத்தை வாங்கி முகர்ந்தார். தும்மினார். "சென்னியப்பன் வந்துட்டான்! என்ன சொன்னான்?"

"முடிவு செரியில்லீங்களாமா. கடைசிப் பக்கத்த எலிக்குப் போடச் சொன்னாருங்க."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கங்களைத் தடவினார். அவர் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. அந்த மூலையில். நீவினாலும் காகிதத்துக்கு மடிப்பு மறக்காது.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகும் புத்தகம் கொடுத்தனுப்பினார். நான் அதைக் கடை மேஜைக்குக் கீழே ஒளித்து, சில நாள் ஊறவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். திட்டுகளை நானே தயாரித்தேன். ஆனால் வாசனைக்கு என்ன செய்வது? பெட்டிக்கடையில் போய் மூக்குப்பொடி கேட்டேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்ணா, இந்த வயசுலயா புதுசாப் பழகறீங்க?"

"எனக்கில்லீங்க. ஒரு பெரியவருக்கு."

"இருக்காருங்களா இன்னும் பொடி போடற பெரியவரு?"

வெறும் வியாபாரப் பேச்சு. எனக்கோ முதுகுத்தண்டில் பல்லி ஓடியது. என் கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பொடி தூவினேன். தும்மித் தும்மிக் கண்ணீர் வழிந்தது. அந்த மனிதருக்காக நான் வடித்த கண்ணீர் அது மட்டும்தான்!

என் மனைவி சுகுணா சட்டைப்பையில் பொடி டப்பாவைக் கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"ஏனுங்க, மாமாகிட்டச் சொல்லிப்போடுங்க. அவரு கேட்டுட்டு நீங்க முழிக்கறதவிட நீங்களே சொல்றது மேலுங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

"உங்க நாளைக்கு எந்தக் கெழமைல வருதுங்க?"

அன்று, நான் பொடி தூவிய அந்தப் புத்தகத்தை அப்பா முகர்ந்தார். பெரிய தும்மல். பிறகு இன்னொன்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொடி ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான். "சென்னியப்பன் வந்துட்டான்" என்று சொல்லவில்லை. நான் காத்திருந்தேன்... சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஏதோ ஒன்று மாறியது. காலையில் செய்தித்தாள் படிக்கும்போது, "இன்னிக்கு யாரு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். நடக்கும்போது சுவரைக் கேட்பதில்லை. நான் படிப்பதை, தங்க விலையைக்கூட, தலையைச் சாய்த்து, பழைய சாமான் வாங்குகிறவர் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலக் கேட்டார். நான் நகைச்சுவை சொன்னால் ஒரு கணம் தாமதமாகச் சிரித்தார். அந்த ஒரு கணத்தில் எனக்கு வியர்த்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையிலிருந்து வந்தேன். வீடெல்லாம் சுக்கு வாசனை. கூடத்து மேஜையில் அந்தப் பிளாஸ்க். பக்கத்தில் அப்பா, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார்.

சுகுணா சமையலறைக் கதவோரம் நின்று தலையை அசைத்தாள். "நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. மாமாதான் போடச் சொன்னாரு."

"யாருங்கப்பா... யாரு தவறிட்டாங்க?" என்றேன். என்ன நடிப்பு! அந்த நேரத்திலும்!

அப்பா பிளாஸ்கை என் பக்கம் நகர்த்தினார்.

"கருமத்தம்பட்டிக்குப் போயிட்டு வந்துரு கண்ணு. ஆறிப்போறதுக்குள்ள."

"நீங்களும் வாங்கப்பா, போலாம்..."

"எழவுக்குப் போகாதவன் இனிப் போயி எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது? நீ போ."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் முகம் என்னை நோக்கி இருந்தது. பார்வை எனக்குப் பின்னால் எங்கோ இருந்தது. வள்ளியம்மா அன்று பார்த்த அதே இடத்தில்.

போனேன். வள்ளியம்மா வீட்டுத் தெரு முனையில் காரை நிறுத்தினேன். பிளாஸ்கைக் கையில் எடுத்தேன். அதைக் கொடுத்தால் அப்பாவுக்கு இன்றுதான் தெரியும் என்று சொல்ல வேண்டும். அப்படியென்றால் அழுதுகொண்டு படுத்திருந்தது யார்? துண்டால் கண்ணைத் துடைத்தது யார்? தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. சொல்லியிருக்கலாம். முழுவதையும் சொல்லியிருக்கலாம்...

என்ன செய்தேன் தெரியுமா? கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தக் காப்பியை நானே குடித்தேன்! நாக்கு வெந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். ஒரு சொட்டு விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பிளாஸ்கை வாங்கி ஆட்டிப் பார்த்தார். காலி.

"வள்ளியம்மா குடிச்சுதா?"

"குடிச்சாங்கப்பா."

"என்ன சொல்லுச்சு?"

"உங்களத்தான் கேட்டாங்க."

"செரி" என்றார் அப்பா. சமையலறைக்குத் தடவித் தடவிப் போனார். பிளாஸ்கைத் தானே கழுவினார். நான் உதவிக்குக் கை நீட்டினேன். அவருக்குத் தெரியவில்லையோ, தெரிந்ததோ. அலமாரியில் அதைக் கவிழ்த்து வைத்தார்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறது. இதை எழுதும் இடத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. நாளைக் காலையும் செய்தித்தாள் படிப்பேன். எந்தப் பெயரையும் தாவ மாட்டேன், சத்தமாகப் படிப்பேன். அவர் கேட்பார். நம்புவாரா? எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போடுவார்கள். அன்று ஊரே வரும். இந்தக் கோமாளி அழுவதைப் பார்க்க நண்பர்கள் எல்லோரும் வருவார்கள். மாலை வரும், சங்கு வரும்... பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு மட்டும் யாரும் வர மாட்டார்கள்.

என் தொண்டை காயும். நான் வாய் திறந்து கேட்க மாட்டேன்.