நாலு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குள் முடிய வேண்டிய ஆட்டம்

விடுதிப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிறு மதியம் மட்டும்தான் சொந்தம். நாமக்கல்லை அடுத்த எங்கள் பள்ளியில் அந்த நேரத்தில் ஐந்து பேர் மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவோம். காய், கட்டம் ஒன்றும் கிடையாது. முறை வருகிறவர் ஒரு புது விதி சொல்வார். ஓட்டில் ஜெயித்தால் அதுதான் சட்டம். பழைய விதியை நீக்குவதானாலும் ஆட்டத்துக்குள் ஓட்டுப் போட்டுத்தான் நீக்க வேண்டும். ஆட்டத்தை நடத்தும் தலைவருக்கான தேர்தல் மட்டும் மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில்.

எப்போதும் கெமிஸ்ட்ரி சார்தான் தலைவர். முடியாது என்று சொல்ல வாயே வராத மனுஷன். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க, பண்ணிப்போடலாமுங்க" என்பார். ஜெயித்ததும் எல்லாம் காற்றோடு போகும். எங்கள் பக்கத்தில் இதற்கு மரியாதை என்று பெயர். எனக்கு எரிச்சல்தான் வரும்.

அவரிடம் அதிகம் ஏமாந்தது வார்டன் அக்கா. ஞாயிறன்று பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரில் கடைசிக் குடும்பம் பிரியாணித் தூக்கோடு கிளம்ப மூன்றரை ஆகிவிடும். ஆட்டமோ இரண்டு மணிக்கு. தாமதமாக வந்தவருக்கு அன்று ஓட்டும் இல்லை, முறையும் இல்லை. அக்கா மூலையில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார். நாலு மணிக்கு மாற்றுவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் சார் சொல்வார். அக்காவும் நம்பி ஓட்டுப் போடுவார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஒரு விதி கொண்டுவந்தேன். தேர்தலில் கொடுத்த வாக்கு, ஜெயித்த நிமிடமே விதியாகிவிடும், சாக்குப்போக்கு கிடையாது. சாரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்.

அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நின்றேன். நாலு மணியை ஓட்டுக்கு விடுவேன், அதற்கு மேல் வாக்குத் தர என்னால் ஆகாது என்றேன். தோற்றேன். அக்காவே எனக்குப் போடவில்லை. "நீங்க ஒண்ணும் உறுதியாச் சொல்லலீங்களே மிஸ்," என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போகட்டும், சார் கொடுத்த வாக்கு விதியாகி அக்காவுக்கு நாலு மணி கிடைத்ததே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஞாயிறு நாலு மணிக்கு அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்து முதல் ஆளாக மேசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உட்காரும்போது பி.டி. சார் பையோடு நின்றார். அவர் வெண்ணந்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாலு மணிக்குள் ஆட்டத்தை முடித்துவிடுவதாக அவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாராம் கெமிஸ்ட்ரி சார். இப்போது இரண்டும் விதி.

"ஏனுங்க சார், ரெண்டு பேருக்குமா சொன்னீங்க?"

"மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. எப்படிங்க மிஸ் இல்லீங்கறது?"

ஒன்றை நீக்கலாம் என்றால் அதற்கு ஆட்டம் தொடங்க வேண்டும். அதுதான் முடியாதே. எல்லாவற்றையும் விட்டுத்தள்ளி ஆடுவோம் என்றேன். எங்களில் ஐந்தாமவரான தமிழய்யா, "சாக்குப்போக்கு கிடையாதுன்னது நீங்கதானுங்க மிஸ்," என்றார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய மூலையிலேயே போட்டார்.

"முன்னெல்லாம் வேடிக்கையாச்சும் பாத்துட்டு இருந்தேனுங்க மிஸ்," என்றார்.