எட்டாம் நம்பர் தடி

என் இடது காது செவிடானபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான்: சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்க் கடலட்டை எடுப்பது. யுத்தம் முடிந்து கடலில் தடைகள் குறைந்ததும் எல்லாரும் இறங்கினோம். ஆள் கூடக்கூடக் கரைப்பக்கத்தில் அட்டை குறைந்தது. ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போனோம். ஒரு நாள் மேலே வரும்போது காதுக்குள் ஏதோ கிழிந்தது. போட்டில் ஏறியபின்தான் கழுத்து வரை இரத்தம் வழிந்திருப்பதைக் கண்டேன்.

"இனித் தண்ணிக்குள்ள தலைய விட்டா மற்றக் காதும் போகும்," என்றார் புத்தளத்தில் என்னைப் பார்த்த டொக்டர். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, "உயிரும் போகலாம். நீங்கதான் பாத்துக்கொள்ளணும்," என்றார்.

காது கேளாததைச் சமாளிக்கலாம். தலைசுற்றைச் சமாளிக்க முடியவில்லை. மாம்புரியில் லொறிக்குத் தேங்காய் ஏற்றப் போனேன். குனிந்து நிமிர்ந்தால் நிலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டாம் நாளே, நாளைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மனைவி வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினாள். நான் வீட்டில் இருந்தேன். காலையில் அவள் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போவாள். பின்னேரம் வந்து பார்க்கும்போது அது அப்படியே இருக்கும். அவள் உழைத்துக் கொண்டுவந்த சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அப்படியான ஒரு நாளில்தான் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடலோடு சேர்ந்த ஆழமில்லாத களப்பின் ஓரத்தில் நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறவர். நல்ல மனுசர், ஆனால் கணக்காகப் பேசுகிறவர்.

"தம்பி, வெள்ளைக்காரர் வாறாங்க. இறகுத் தூண்டில் வீசி மீன் பிடிக்கணுமாம். களப்புல எங்க மணல் திட்டி, எங்க ஆழம் எண்டு உங்களுக்குத் தெரியும். இந்த வீச்சும் தெரியுமா?"

இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்த தூண்டிலை எறிந்து மீன் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணால் கண்டதில்லை.

"ஓம், தெரியும்," என்றேன்.

"எங்க பழகினீங்க?"

"முந்தி ஒரு வெள்ளைக்காரனோட போட்டில போயிருக்கிறன்."

ஒரு பொய்யைத் தாங்க இன்னொன்று. அவர் நம்பினார். அடுத்த மாதம் ஒரு பெண் வருகிறாளாம். இதுவரை தூண்டில் தடியே பிடிக்காதவள், இங்கே வந்து பழக வேண்டுமாம். "அவவுக்கு ஒண்டு, உங்களுக்கு ஒண்டு, ரெண்டு செட் வாங்கிட்டு வாங்க. எனக்கு இதுகள் விளங்காது. உங்கட பொறுப்பு," என்று காசை உறையில் போட்டு என் கையில் வைத்தார். அந்த உறையோடு வீட்டுக்கு நடந்தபோது கால் நிலத்தில் படவில்லை. பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

கொழும்புக்கு விடிய முதல் பஸ்ஸில் போனேன். தூண்டில் சாமான் கடைக்காரர் தமிழ் ஆள். "ஆத்துக்கா, கடலுக்கா?" என்று கேட்டார்.

"களப்புக்கு."

"அப்ப எட்டாம் நம்பர் எடுங்க. காத்துக்குத் தாங்கும்."

தடியில் கைப்பிடிக்கு மேலே நம்பர் எழுதியிருந்தது. எட்டை எடுத்துப் பார்த்தேன். விறைப்பாக, பாரமாக இருந்தது. பக்கத்தில் ஐந்தாம் நம்பர் மெலிசாக, கையை அசைத்தால் நாணல் போல வளைந்தது. நம்பர் கூடினால் மீன் பெரிது, அவ்வளவுதான் என்று நானே முடிவுகட்டினேன். களப்பில் என்ன சுறாவா பிடிக்கப் போகிறோம்? பழக வரும் பெண்ணுக்கு இதுதான் சுகம். ஐந்தாம் நம்பரில் இரண்டு எடுத்தேன். ரீல்களில் மினுங்குகிறதாக இரண்டைத் தெரிந்தெடுத்தேன். உப்புத் தண்ணிக்கு ஆகுமா என்று கேட்கவில்லை. கேட்டால் ஆள் புதுசு என்று தெரிந்துவிடும்.

"லைன்?" என்றார் கடைக்காரர்.

"லைன் எங்களிட்ட இருக்கு."

"இதுக்குப் போடுற லைன் வேறங்க..."

"அண்ணன், நான் கடல்ல வளந்தவன். லைன் எனக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இறகுத் தூண்டில் பெட்டியைச் சுற்றித் தந்தார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் பொய் அந்த மேசை மேலேயே உடைந்திருக்கும். ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தேன்.

மறுநாள் காலை ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்துக் களப்பில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். ரீலில் எங்கள் வழக்கமான தங்கூசியை, அந்த மெல்லிய நைலோன் நூலை, சுற்றியிருந்தேன். தடியைப் பின்னுக்கு எடுத்து முன்னுக்கு வீசினேன். இறகுத் தூண்டில் என் தோளில் விழுந்தது. மறுபடி வீசினேன், சட்டையில் கொளுவியது. பலமாக வீசினால் பின்னந்தலையில் அடித்தது. தங்கூசியும் இறகும் காற்றில் தும்பு மாதிரி மிதந்ததே தவிர, ஒரு பாகத்துக்கு, இரண்டு கையும் விரித்த நீளத்துக்கு, அப்பால் போகவில்லை. ஒரு துண்டு ஈயம் கட்டிப் பார்த்தேன். ஈயம் தடியிலேயே மோதி, மினுக்குப் பூச்சைப் பெயர்த்தது. நாலு காலை இப்படிப் போயிற்று. நாலாம் நாள் ரீலைச் சுழற்றியபோது உள்ளே மணல் அரைவது போலச் சத்தம். கழற்றினேன். துரு. மாறி மாறிப் பாவித்த மற்ற ரீலிலும் அதுதான்.

அந்தப் பெண் வர இன்னும் பன்னிரண்டு நாள். ஹாஜியாரின் காசு என் கையில் இரண்டு வளைகிற தடியாக இருந்தது. தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேறு சாமான் வாங்கக் காசு தேட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. அடுத்த நாள் மனைவி தோட்டத்துக்குப் போனதும் முன்பு நான் வேலை செய்த போட்டின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போனேன். "காது சுகமாயிட்டு," என்றேன். ஆள் பற்றாத நேரம். அவரும் துருவிக் கேட்கவில்லை. சிலிண்டரைக் கட்டி இறங்கினேன்.

ஐந்து பாகத்தில் காதுக்குள் கம்பியை ஏற்றியது போல இருந்தது. பிறகு கடல் சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. எங்கள் ஆட்கள் சொல்வார்கள், வழி தவறினால் குமிழி போகிற பக்கம் பார் என்று. பார்த்தேன். குமிழிகள் எல்லாப் பக்கமும் போவது போலிருந்தது. கை கால் அடித்தேன். தலை மணலில் மோதியது. அப்போதுதான் நான் கீழ்நோக்கி நீந்திக்கொண்டிருந்தேன் என்று விளங்கியது. என் கூட இறங்கியவன் கழுத்துப் பட்டியைப் பிடித்து என்னை இழுத்து ஏற்றினான். போட் கரை சேரும் வரை வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்தேன்.

யாரோ தோட்டத்துக்கு ஓடிச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி வந்தபோது அவள் கையில் வெங்காய மண் காயவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். இல்லாத வெள்ளைக்காரனைப் பற்றி, கடையில் சிரித்ததைப் பற்றி, துருவைப் பற்றி. சொல்லும்போது அழுதேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் ஸ்மார்ட் போனை இரவல் வாங்கி வந்து, இறகுத் தூண்டில் வீசும் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தாள். இரண்டு பேரும் வாசலில் இருந்து பார்த்தோம். அது நின்று நின்று ஓடியது.

"இஞ்ச பாருங்க," என்றாள். "அவங்கட லைன் மஞ்சள். என்ன தடிப்பு! உங்கட தங்கூசி கண்ணுக்கே தெரியாதே."

மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இறகுக்குப் பாரமில்லை, பாரம் முழுக்க லைனில் இருந்தது. அந்தத் தடித்த லைன் பறந்து போகும்போது இறகையும் கூட்டிக்கொண்டு போனது. கடைக்காரர் சொல்ல வந்தது அதுதான்.

"இப்ப ஹாஜியாரிட்டப் போவம்," என்றாள்.

"என்னால ஏலாது."

"நானும் வாறன்."

ஹாஜியார் வராந்தாவில் கதிரையில் இருந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் எழும்பி எனக்கு முன்னால் வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் என்னை அடித்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"தெரியாது எண்டு சொல்லியிருந்தா, பழகிட்டு வாங்க எண்டிருப்பேனே தம்பி," என்றார். "போங்க. மாத்த ஏலுமா பாருங்க. ஏலாட்டி அந்தப் பொம்புளைக்கு வர வேணாம் எண்டு சொல்றன். நீங்களும் எனக்குத் தேவையில்ல."

இந்த முறை மனைவியும் கொழும்புக்கு வந்தாள். கடைக்குள் போனதும் தடிகளை மேசையில் வைத்து, நான் வாய் திறக்க முதல், "எங்களுக்கு இதில ஒண்டும் தெரியாது. முதல்ல இருந்து சொல்லித் தாங்க," என்றாள். எனக்குக் காது வரை சுட்டது. கடைக்காரருக்கோ அந்த வார்த்தை பிடித்துவிட்டது. ஸ்டூல் போட்டு எங்களை இருத்தினார். தடிக்கு என்ன நம்பரோ லைனுக்கும் அதே நம்பர் வேண்டும். கடற்காற்றை வெட்டிக்கொண்டு போக எட்டு. மீன் ஓடினால் லைன் தீர்ந்துவிடாமல் அதன் அடியில் இன்னொரு மெல்லிய கயிறு. நுனியில் மட்டும்தான் தங்கூசி. உப்புத் தண்ணிக்கு ஆகும் ரீலையும் பின்னேரம் நல்ல தண்ணியில் கழுவ வேண்டும். மனைவி குறுக்கே குறுக்கே கேட்டாள். நான் முடிச்சுப் போடுவதை அவர் கையைப் பார்த்துப் பழகினேன்.

துருப்பிடித்த ரீல்களை அவர் எடுக்கவில்லை. தடிகளை மட்டும், கீறலைப் பார்த்து முகம் சுளித்து, எடுத்துக்கொண்டார். இரண்டு செட்டுக்குப் பதில் எட்டாம் நம்பரில் ஒரு செட்தான் கிடைத்தது.

வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். எனக்கும் இது புதுசு என்று ஹாஜியார் முதலே சொல்லியிருந்தார். அவள் சிரித்துவிட்டு, பரவாயில்லை என்பது போலக் கையை அசைத்தாள். ஒரு தடியை மாறி மாறிப் பிடித்தோம். முதல் நாள் அவள் வீசிய தூண்டில் என் தொப்பியைத்தான் பிடித்தது. இரண்டாம் நாள் காற்று. மூன்றாம் நாள் காலை, போட்டில் இருந்தபடி திட்டி ஓரத்தில் தண்ணீர் நடுங்குவதைக் கண்டேன். அது மீன்கூட்டம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவளை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். கோணலாகத்தான் வீசினாள். உள்ளங்கை அளவில் ஒரு பாரை மீன் வந்தது. அவள் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் எழும்பின. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கியதில் எனக்குத் தலை சுற்ற, போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பருவத்தில் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். தென்மேற்குக் காற்றான சோழகம் எழும்பியதும் யாரும் வரவில்லை. காற்று அடங்க ஐந்து மாதம் இருந்தது. நானும் மனைவியோடு வெங்காயத் தோட்டத்துக்குப் போனேன். குனிய வேண்டாம், பாத்திக்கு அருகில் உட்கார்ந்துகொண்டு பிடுங்கினால் போதும் என்று அவள் எனக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டுத் தந்தாள்.