பட்டப்பகலில் ஒரு சிவப்பு லைட்

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, கொழும்பு மெரின் ட்ரைவ் நடைபாதையில் நின்று ஒரு பெண் தன் புருஷனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததை உங்களில் யாராவது கண்டிருந்தால்... ஓம், அது நான்தான். உடனே போன் எடுத்து விசாரித்த இரண்டு சிநேகிதிகளுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

வெட்கமா? இல்லை. இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

முதலில் இருந்தே சொல்கிறேன். என் கணவர் யோகநாதன் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வீடு வெள்ளவத்தையில், அலுவலகம் கொட்டாஞ்சேனையில். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஒரு சைக்கிள் வாங்கினார். வரிசை போய்விட்டது, சைக்கிள் போகவில்லை. ஐம்பத்தாறு வயதில் தொப்பை கரைந்து, பிரஷர் குறைந்து, காலையில் விசில் அடித்துக்கொண்டு வெளிக்கிடுவார். அந்த விசிலுக்காகவே நான் சைக்கிளைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள், பின்னேரம் மூன்றரை மணி. கண்ணைக் கூசும் வெயில். வெள்ளை ஷேர்ட்டோடு மெரின் ட்ரைவ் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு கார் இவரை முந்தியது. முந்திய கையோடு, சிக்னலும் போடாமல், இவருக்குக் குறுக்கே இடது பக்க ஒழுங்கைக்குள் திரும்பியது. சைக்கிள் காரின் கதவில். இவர் தெருவில். இடது மணிக்கட்டில் வெடிப்பு.

காரை ஓட்டி வந்த பிள்ளை இறங்கி வந்து சொன்னதாம்: "சொறி அங்கிள், நான் உங்களைக் காணவே இல்ல."

அதற்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? தெருவில் குந்தியிருந்தபடி?

"பரவாயில்லத் தம்பி, என்னிலதான் பிழை. நீங்க போங்க."

என்னில் பிழை! நேரே போய்க்கொண்டிருந்த மனுஷனில் என்ன பிழை? பொலிஸ் வேண்டாம், முறைப்பாடு வேண்டாம் என்று, வெடித்த கையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கார் நம்பரைக் கேட்டேன். பார்க்கவில்லையாம்.

காணவே இல்லை... இந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்குத் தலைக்குள் ஏதோ கொதிக்கிறது. ஐந்தடி எட்டங்குல மனுஷன். வெள்ளை ஷேர்ட். பட்டப்பகல். பார்த்தால்தானே காண்பதற்கு! அந்த இடத்தில் ஒரு பெரிய ஜீப் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காதா? மாடு ஒன்று நடந்து போயிருந்தாலும் பிரேக் அடித்திருக்கும். சைக்கிளில் போகிறவன் மட்டும் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான்? தெருவில் மரியாதை டயரின் பருமனைப் பொறுத்தது என்று யாராவது சட்டம் எழுதி வைத்திருக்கிறார்களா?

சொந்தக்காரர் எல்லாரும் ஒரே குரலில் சைக்கிளை விற்கச் சொன்னார்கள். காரை விற்கச் சொல்லி அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த விசிலை விட மனமில்லை. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு போன் அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினேன். கை சுகமாகி அவர் சைக்கிளைத் துடைத்து எடுத்த அன்று வாசலில் நின்று ஒரு நிபந்தனை போட்டேன். பகலிலும் எரியும் லைட் ஒன்று பின்னால் பூட்டாமல் படியிறங்கக் கூடாது.

"பகல்ல லைட்டோ? ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்காவது உங்களைப் பாக்க வேணுமெல்லோ?"

புறக்கோட்டையில் ஒரு சைக்கிள் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா. எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில் ஈக்கிதானே தங்கச்சி, பகலைக்கு லைட் என்னத்துக்கு?" என்றார். நான் மணிக்கட்டைக் காட்டினேன் — என்னுடையதை இல்லை, இவருடையதை. நானா உடனே நான்கு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

ஒவ்வொரு பெட்டியிலும் வெளிச்சத்துக்கு ஒரு லூமன் கணக்கு. அதை நம்பினால் ஒரே ஒரு லைட்டை வைத்து கிரிக்கெட் மட்ச் நடத்தலாம். நான் பெட்டியை வாசிக்கவில்லை. நான்கு லைட்டையும் வெயிலுக்குக் கொண்டுவந்தேன். இவரைத் தெருவோரத்தில் நிறுத்தி, சீட் உயரத்தில் ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த சந்தி வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன்.

முதலாவது எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இருட்டுக்கு என்று செய்தது, வெயிலில் செத்துப்போயிற்று. இரண்டாவது அசையாமல் எரிந்தது. எரிந்தது சரி, பின்னால் தொங்கிய சிவப்பு பிளாஸ்டிக் வாளிகளோடு கலந்துவிட்டது. மூன்றாவது நிதானமாக விட்டு விட்டு மின்னியது. கொஞ்சம் பரவாயில்லை. நான்காவதை அவர் அழுத்தியதும்... இரண்டு தரம் சடார் சடார், ஓர் இடைவெளி, பிறகு நீளமாக ஒன்று. ஒழுங்கில்லாத மின்னல். கண் தானாகவே அங்கே போனது. கூட்டத்துக்குள், வண்டில்களுக்கு நடுவில், மூட்டை தூக்குகிறவர்களைத் தாண்டி என் புருஷன் எனக்குத் தெரிந்தார்.

இதை வாசித்துவிட்டு லைட் வாங்கப் போகிறவர்களுக்கு என் ஆலோசனையும் இதுதான். பெட்டியை நம்பாதீர்கள், வெயிலில் தூர நின்று பாருங்கள். பின்பக்க லைட்டை முதலில் வாங்குங்கள், இடிக்கிறவன் அங்கிருந்துதான் வருகிறான். ஷேர்ட் வாலும் பையும் மறைக்காத இடத்தில், தரையையோ வானத்தையோ பார்க்காமல் நேரே பின்னால் பார்க்கிற மாதிரிப் பூட்டுங்கள். மழைக்குத் தாங்குமா என்று கேளுங்கள். இரவில் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள், பின்னால் வருகிறவனின் கண்ணும் கண்தான்.

இடித்தவன் வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு இருக்க, இடிபட்டவன் பெண்சாதியோடு வெயிலில் நின்று லைட் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் ஒரு பக்கமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, லைட் பூட்டியாயிற்று. நான்கு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் பண்ண வேண்டும் என்று நானா சொல்லியிருந்தார். முதல் வாரம் சரியாக நடந்தது. அடுத்த தரம் சார்ஜ் பண்ணியபின் நாலு நாள் போனது, எட்டு நாள் போனது. பன்னிரண்டாம் நாளும் லைட்டில் சார்ஜ் இருக்கிறது என்று காட்டும் பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது.

"நல்ல சாமான்" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

முப்பது வருஷம் ஒருவரோடு குடித்தனம் செய்தால் சில விஷயம் சொல்லாமலே விளங்கும். போன செவ்வாய் அவர் வெளிக்கிட்டு இரண்டு நிமிஷத்தில் நான் ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். ஓட்டியவர் ஜெரோம், கொட்டாஞ்சேனைக்காரர், நல்ல கதைக்காரர். முன்னால் போகிற சைக்கிளை விட்டுவிடாமல், ஆனால் கிட்டவும் போகாமல் வரச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. நூறு மீற்றருக்கு அப்பால் இருந்தே பளிச்சென்று தெரிந்தது. பாவம், சந்தேகப்பட்டுவிட்டோமே என்று நான் நினைத்த அதே நேரம் ஜெரோம் ஹோர்ன் அடித்தார். ஆட்டோவை விரட்டிக்கொண்டு போய் இவருக்குப் பக்கத்தில் ஒட்டினார். கையை வெளியே நீட்டி, ஐந்து விரலையும் விரித்து மூடி விரித்து மூடி, "ஐயா, லைட் பத்துது! லைட்!" என்றார்.

இவர் என்ன செய்தார்? தலையை ஆட்டி, "தேங்க்ஸ் தம்பி" என்று சொல்லி, ஒரு கையால் சீட்டுக்குக் கீழே தடவி, லைட்டை அணைத்தார்.

வாசகர்களே, இந்த விரல் சைகையை உங்களுக்குத் தெரியும். நீங்களும் செய்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். இந்த ஊரில் பகலில் ஒருவனுடைய லைட் எரிந்தால் அதை அவனுக்குச் சொல்லாமல் நம்மால் இருக்க முடியாது. பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி சொல்வார். எதிரே வருகிற லொறிக்காரர் சொல்வார். கடலை விற்கிறவர் சொல்வார். மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டாமல் போனால் மூன்று பேர் துரத்திப் பிடித்துச் சொல்வார்கள். அத்தனை நல்ல மனங்கள்! அத்தனை கூரான கண்கள்! அந்த வெள்ளை ஷேர்ட் காரில் அடிபட்ட நேரம் இந்தக் கண்கள் எல்லாம் எங்கே போயிருந்தன?

"ஆட்டோவை நிப்பாட்டுங்க!" நான் போட்ட சத்தத்தில் ஜெரோம் பயந்து ஓரம் கட்டினார். நான் இறங்கி ஓடினேன்.

"இஞ்சாருங்கோ! ஏன் நிப்பாட்டினியள்?"

அவர் சைக்கிளில் இருந்து விழாத குறை. "நீர் எப்பிடி இஞ்ச?"

"அதை விடுங்கோ. லைட்டை ஏன் நிப்பாட்டினியள்?"

"அந்தத் தம்பி சொன்னவரெல்லோ..."

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானோ?"

"நாலைஞ்சு பேர் சொல்லுவினம். முதல்ல நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போட்டனான். பிறகு இன்னொராள் சொல்லும். இப்ப ஆரும் ஒருக்காச் சொன்னா அப்பிடியே விட்டிடுறனான். சொல்லியும் கேக்காமப் போனா மரியாதையில்லையே."

"மரியாதையோ? நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு போன் வந்தா, மரியாதையான மனுசன் எண்டு சொல்லித்தான் உங்களைத் தருவினமோ?"

"கத்தாதையும். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்! அதுக்குத்தானே லைட் வாங்கினது!"

ஜெரோம் பின்னால் வந்து நின்றார். "அக்கா, நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்..." என்று இழுத்தார். தெரியும். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இவர் சைக்கிள் ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இந்த ஊரில நான் கண்ணில படாமத் திரிஞ்சுதான் தப்பினனான். உமக்குத் தெரியாததே? அந்தப் பழக்கம் போகுதில்ல. பின்னால ஒண்டு மின்னிக்கொண்டு வர, எல்லாரும் திரும்பிப் பாக்க, என்ர கை தானா சுவிட்சுக்குப் போகுது."

எனக்குத் தெரியாதா? யுத்தம் நடந்து, செக்பொயின்ட்டுகளில் தமிழரை மறித்த காலத்தில் இருபத்தைந்து வயதில் கொழும்புக்கு வந்தவர். மேல் பொக்கற்றில் அடையாள அட்டை. சாம்பல் நிறத்திலோ மண் நிறத்திலோ ஷேர்ட். பஸ்ஸில் நான் தமிழில் ஏதாவது கேட்டால் கண்ணால் பதில். யாராவது இடித்தால் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கிப் போவது. காலம் மாறி வெள்ளை ஷேர்ட் போட்டார், விசில் அடித்தார், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. அந்தக் காலத்தில் அவரிடம் "மெல்லக் கதையுங்கோ, மெல்லக் கதையுங்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னவளும் நான்தான். யாரில் கோபப்படுவது?

ஆனாலும் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

"அப்ப அப்பிடித் தப்பினியள், சரி. இப்ப அதாலதான் சாகப் போறியள்" என்றேன். "எனக்கு நீங்கள் வேணும். அவ்வளவுதான்."

அவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டு லைட்டைப் போட்டார். சைக்கிளில் ஏறினார்.

நான் ஆட்டோவில் ஏறி, கொட்டாஞ்சேனை வரை பின்னாலேயே போகச் சொன்னேன். ஜெரோம் இந்த முறை ஹோர்ன் பக்கமே கையைக் கொண்டு போகவில்லை.

கொள்ளுப்பிட்டி சிக்னலில் சிவப்பு. இவர் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். வலது பக்கம், சற்றுப் பின்தள்ளி ஒரு பெரிய வான், மூக்கு இடது பக்கம் திரும்பத் தயாராக. சாரதி இடது பக்கக் கண்ணாடியை இறக்கினார். கையை நீட்டி விரலை விரித்து மூடிக் காட்டினார். "அய்யே, லைட் எக்க" என்றார் சிங்களத்தில். அண்ணே, லைட் என்று.

இவருடைய கை சீட்டுக்குக் கீழே போனது. நான் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். கை அங்கேயே நின்றது. பிறகு வெறுமனே மேலே வந்தது.

"எரியட்டும்!"

தமிழில். நடுத்தெருவில். ஆட்டோவுக்குள் இருந்த எனக்கும் கேட்கிற அளவுக்கு.

பச்சை விழுந்தது. வான் அசையாமல் நின்றது. இவர் போன பிறகுதான் திரும்பியது. அந்தச் சாரதிக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ — ஆளைக் கண்டுவிட்டார்.