ஏழுக்கும் எட்டுக்கும் இடையில்

தீக்குச்சி உரசும் ஓசை முதலில் வரும். கந்தக நெடி வராது. அடுத்து ஒரு சாவிக்கொத்து குலுங்கும், முறத்தில் அரிசி சரியும், பிறகு யாருமில்லாத இடத்திலிருந்து ஒரு சிறுவன் ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி அறையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நடந்து போவான். அந்தச் சிறுவன் நான். என் குரல் என்னைக் கடந்து போவதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாங்காய்ப் பருவத்தைப் பற்றி என் தந்தை இருந்தவரை எழுத இயலவில்லை. அவர் காலமாகி மூன்று மாதங்கள் ஆகின்றன.

ஓசூரில் தொழிற்சாலையை ஒட்டிய லைன் வீடொன்றில் அப்போது நாங்கள் மூவர் இருந்தோம். அப்பாவுக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. நான்காவது ஆண்டாக "டெம்பரவரி". அவருடைய ஒரே ஆடம்பரம், தாமே பற்றவைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயரும், ஒரு டேப் ரெக்கார்டரும், அலமாரித் தட்டில் வைக்கும் அளவிலான இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். பெட்டிகளைத் தந்த பெங்களூர்க் கடைக்காரர், திருப்தி இல்லையென்றால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவற்றைச் சோதிப்பதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மைக்குகளை வைத்து அப்பா அந்த ஓசைகளை ஒரு நாடாவில் பதிவு செய்தார். "பொட்டி தெரியக் கூடாது, ஆளு தெரியணும்" என்பது அவர் வகுத்த விதி. பதிவு முடியும்வரை மூச்சுக்கூட விடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா இடப்பக்கத்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

ஆனால், தீர்ப்பு சொல்ல வேண்டிய அவருடைய காதுகளில் மெல்லிய ஓசைகள் விழுவதில்லை. தகடு அடிக்கும் இயந்திரங்கள் அவற்றைத் தின்றிருந்தன. ஆகவே அவருக்குப் பதிலாக நான் கேட்டேன். நூல் பிடித்து அளந்து, இரு பெட்டிகளுக்கும் சம தூரத்தில் சாக்பீஸால் போட்ட குறியின்மேல் என்னை உட்காரவைத்து, என் முதுகுக்குப் பின்னால் அவர் அமர்ந்துகொள்வார்.

முதல் மாலையே அதைக் கேட்டேன். என் எண்ணிக்கையில் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில், இடது பெட்டிக்கும் பின்னால் எங்கோ, ஈரத்துணி வழியாக யாரோ மூச்சை இழுத்துப் பாதியில் நிறுத்தியது போன்ற ஓர் இழை.

"இடது பொட்டியில என்னமோ இரையுதுப்பா."

அப்பா பெட்டியின் துணிமுகத்தில் காதை வைத்துப் பார்த்தார், திருகுகளை முறுக்கினார். "நாளைக்கு ரெண்டையும் இடம் மாத்தி வெப்போம். சத்தமும் கூடவே மாறுச்சுன்னா குத்தம் பொட்டியில. மாறலன்னா நாடாவுல" என்றார்.

மறுநாள் அவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்த வேளையில், வீட்டில் எந்த இயந்திரமும் ஓடாதபோது, அதே மூச்சு அதே இடத்தில் நின்றது. பெட்டியிலிருந்து ஏதோ இறங்கி வந்துவிட்டதென்றே எண்ணித் திரும்பினேன். சமையலறை நிலையைப் பிடித்தபடி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அம்மா நின்றிருந்தாள். மூச்சு திரும்பி வர நேரமாயிற்று.

"இன்னிக்குப் பொட்டிய மாத்தி வெப்பாரில்ல? சத்தமும் மாறிடுச்சுன்னு சொல்லிடு சாமி."

"உனக்கு என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல, கம்பெனிப் புகை. அப்பாவுக்கு பர்மனென்ட் ஆவட்டும், நானே சொல்லிக்கிறேன். இப்ப ஆசுபத்திரி, அது இதுன்னு லீவு போட்டாருன்னா, பேர அடிச்சுப்புடுவாங்க."

அன்று மாலை பெட்டிகள் இடம் மாறின. ஏழு முடிந்தது, இழை இடப்பக்கத்திலேயே வந்தது.

"எந்தப் பக்கம்டா?"

வலப்பக்கம் கையைக் காட்டினேன். "அப்பப் பொட்டிதான்!" என்றார், நிம்மதியாக.

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு அவற்றைத் திருப்பினோம். வேறொரு ஜோடி வந்தது, அதையும் திருப்பினோம். "மத்தே வாபஸ்ஸா ஸார், மறுபடியுமா? உங்க பையனுக்கு இருக்கறது காதா, எக்ஸ்ரே மிஷினா?" என்று கடைக்காரர் கன்னடத் தமிழில் கேட்டபோது, அப்பா பெருமையோடு சிரித்தார்.

மூன்றாவது ஜோடி மிகத் துல்லியமானது. அதில் மூச்சுக்கு முன்னால் கதவில் ஒரு வளையல் படுவதும் கேட்டது. அன்று அம்மா என் பக்கத்தில் அமர்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "கட்டுனவ பேசறத ஒருநாளாவது இப்பிடிக் கண்ண மூடிக் கேட்டிருக்காரா உங்கப்பா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு என் வலத்தோளருகே இருந்தது. அவளுடைய மூச்சோ இடப்பக்கம், அவள் இல்லாத கதவருகே இழுபட்டு நின்றது. அதன்பின் எண்ணிக்கை ஆறைத் தொடும்போதெல்லாம் நான் அவளுடைய புடவையைப் பற்றிக்கொண்டேன். மறுபடியும் அலைய வேண்டாம் என்று, மூன்றாவது ஜோடியில் குற்றமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆடியில் நிரந்தர ஆணை வந்தது. அன்றே அம்மா தன் மூச்சுத்திணறலைப் பற்றி அவரிடம் சொன்னாள். மறுநாளே அவளைக் கிருஷ்ணகிரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். "மூணு மாசம் முந்தியே வந்திருக்கணும்" என்று மருத்துவர் தாழ்வாரத்தில் சொன்னது அப்பாவின் காதில் சரியாக விழவில்லை. என்னிடம் கேட்டார். நான்தான் திருப்பிச் சொன்னேன். "தெரியலியேடா, ஒண்ணும் தெரியலியே" என்றார். ஐப்பசியில் அம்மா இறந்தாள்.

சென்ற ஆண்டு, எண்பத்தைந்து வயதில், அப்பாவுக்குக் காது மிஷின் பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த நாடாவைப் போடச் சொன்னார். மறுக்கத் தோன்றவில்லை. என் அறையிலிருக்கும் சிறிய பெட்டிகளில் தீக்குச்சி உரசியது, சாவி குலுங்கியதும், "அட, இவ்ளோ கூரா இருக்குமா இது!" என்று வியந்தார். சிறுவன் நடந்தான். ஏழு.

அப்பாவின் கை உயர்ந்தது. "நிறுத்து. பொட்டிங்கள இடம் மாத்தி வை."

மாற்றி வைத்தேன். கம்பிகளைச் செருகினேன். மீண்டும் ஏழு வந்தது; வளையல் கதவில் பட்டது; மூச்சு இழுபட்டு நின்றது. எந்தப் பக்கம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. தம் கையாலேயே இடப்பக்கத்தைக் காட்டினார். காட்டிய கையை வெகுநேரம் இறக்கவில்லை.

"அங்கியா நின்னா?"

"ஆமாம்ப்பா."

"பையன் எண்ணி முடிக்கற வரைக்கும் அடக்கப் பாத்திருக்கா."

அதன்பின் வாழ்ந்த மாதங்களில் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை மன்னித்தாரா என்பதைக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டு இன்று அங்கே லாரிகள் நிறுத்துகிறார்கள். அம்மாவின் பேச்சோ சிரிப்போ எந்த நாடாவிலும் இல்லை. அவள் கேட்கவிடாமல் அடக்கிய அந்த ஒரு மூச்சு மட்டுமே இருக்கிறது.