அலமாரிக்குள் ஒரு சூறாவளி

லாண்டரியில் இஸ்திரி போடுகிற அந்த மனிதருக்கு, உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மடிப்பு. ராப் பாடுவதற்காக அவராக வைத்துக்கொண்ட பெயர் சூறாவளி. மின்விசிறியை வேகமாக வைத்தாலே ஜலதோஷம் பிடிக்கும் என்று பயப்படுகிறவருக்கு இந்தப் பெயர் எப்படித் தோன்றியது என்று அவர் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ராப்பில் அவர் முதலில் பிடித்தது பூம்-பாப். பழைய டிரம் ஒரே சீராக டம்-டக் என்று அடிக்கும்; அதன் மேல் வார்த்தைகளை அடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் உப்பு வேண்டுமென்றாலும் எதுகையோடுதான் கேட்டார். அடுத்தது டிராப். சில்லறையைக் குலுக்குகிற மாதிரி ஹை-ஹாட் தாளத்தட்டு ஓட, குரலை இயந்திரம்போல மாற்றும் ஆட்டோ-டியூனில் இழுத்து இழுத்துப் பாடினார். சளி பிடித்த தண்ணீர்க் குழாய் என்றாள் மனைவி. அப்புறம் லோ-ஃபை, அதாவது பாதித் தூக்கத்தில் முணுமுணுப்பது. அது ஒன்றுதான் அவருக்குப் பொருந்தியது என்பது அவள் கட்சி. கடைசியில் டிரில். வழுக்கிக்கொண்டு போகும் பேஸ் என்கிற கனத்த அடியொலி, முகமூடி, எதிரிகளுக்கு மிரட்டல். பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற ஆளுக்கு எதிரிகள் யார் என்று கேட்டாள். ஸ்டைல் அப்படி என்றார்.

இத்தனைக்கும் ஒலிப்பதிவுக் கூடம், படுக்கையறை அலமாரி. துணிகளுக்கு நடுவில் எதிரொலி வராதாம். அதற்குள் ஆள் உட்கார வேண்டுமே, அவளுடைய உடைகளில் பாதி நாற்காலிக்கு வந்துவிட்டன. மகளின் சட்டை வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும். பல் மருத்துவமனையில் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பது அவள் வேலை. வீட்டிலும் அதே வேலைதான், ஆனால் மருத்துவமனையில் கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள்.

ஞாயிறு மாலை, வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ராப் போட்டி. அதில் தேறாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு அலமாரியைத் திருப்பித் தருவதாக மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். மனைவி போய் முன்வரிசையில் உட்கார்ந்தது அலமாரிக்காகத்தான். தன் பாட்டின் நடுவில் இசை சட்டென்று நிற்கும், அந்த அமைதியில்தான் ஜனங்கள் நடுங்குவார்கள் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தார்.

போட்டிக்குத் தர வேண்டியது இசை மட்டும் உள்ள பதிவு. பதற்றத்தில் அவர் குரலும் சேர்ந்த பதிவைத் தந்துவிட்டார். மேடையில் ஒரு சூறாவளி பாட, ஒலிபெருக்கியில் இன்னொரு சூறாவளி அரை அடி முந்திக்கொண்டு பாடியது. யாரோ விசிலடித்தார்கள், அது பாராட்டில் சேராது. அலமாரி கிடைத்துவிட்டது என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பேஸ் நின்றது. அந்த அமைதிக்குள் கணீரென்று ஒரு பெண் குரல்:

"ஏங்க, எதிரிய அப்புறம் வெட்டுங்க. மொதல்ல பாப்பா சட்டைய எடுத்துக் குடுங்க."

பேஸ் மறுபடி அதிர ஆரம்பித்தது.

பதிவு செய்த அன்று கதவுக்கு வெளியே நின்று அவள் சொன்னதுதான் அது. பேஸை மட்டுமே ரசித்து ரசித்துக் கேட்டவர் காதில் விழவில்லை. நேரில் சொன்னபோதும் விழாததுதான்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டிரில்லை டிரில்லுக்குள்ளேயே கிண்டலடிக்கத் தனித் துணிச்சல் வேண்டும் என்று நடுவர்கள் புகழ்ந்து, அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். முகமூடிக்குள் எப்படி விழித்தாரோ, மைக்கில் மட்டும், எல்லாம் திட்டம் போட்டுச் செய்ததுதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இடுக்கு வழியாகத் தலை நீண்டது.

"அதே மாதிரி இன்னொரு தடவ சொல்லேன். கொஞ்சம் கோவமா."

அவள் நாற்காலித் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். அவர் கெஞ்சினார். இது புது வகையாம். இன்னும் பெயர்கூட வைக்கவில்லையாம். இத்தனை வருஷம் தேடிய தன் சொந்த சவுண்டு இதுதானாம்.

அவளுக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. "சொந்த சவுண்டா? அதுக்கு நான் கத்தணுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"போதும், நல்லா பதிவாயிருச்சு" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மகள் மறுநாள் போட வேண்டிய சட்டையும் உள்ளேதான் இருந்தது.