ஆட்டுக்கால்காரனும் என் சின்னாத்தாவும்

எனக்கு எண்பத்தெட்டு வயதாகிறது. பெற்ற பிள்ளைகள் ஏழு, கொழுந்தன் பிள்ளைகள் இரண்டு, ஆக ஒன்பது பேரை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இது என் கையெழுத்துத்தான்.

பச்சைத் தேயிலை வாசமும் மழை ஈரமும் ஒட்டிய சேலையோடு மேகமலையிலிருந்து இறங்கி வருவாள் என் சின்னாத்தா, ஆத்தாவின் தங்கச்சி. கல்யாணமான மறுவருடமே புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, துரை பங்களாவில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை, துரைசானி கொடுத்தாள் என்று விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் நீலத்தில் ஒரு படம்: இடுப்புக்குக் கீழே ஆட்டுக்காலும் தலையில் கொம்புமாக ஒருவன் குழல் ஊதுகிறான், சுற்றிலும் பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஆடுகிறார்கள். கிரேக்க தேசத்துக் காட்டுத் தேவதைகளாம். திராட்சைக் கள்ளுக்கென்று அங்கே ஒரு சாமி உண்டாம். அது கூப்பிட்டால் பெண்கள் எரிகிற அடுப்பை அப்படியே போட்டுவிட்டு மலைக்கு ஓடி ஆடுவார்களாம். துரைசானி சொன்னதைப் பங்களாவின் மலையாளத்துச் சமையல்காரர் விளக்கியிருக்கிறார்.

"காலு ரெண்டும் சூப்புக்கு ஆகும்டி" என்று ஆத்தா சிரித்தாள்.

சின்னாத்தா சிரிக்கவில்லை. "அக்கா, அங்கன தாலியறுத்தவளும் ஆடலாமாம். கேட்டுட்டேன்" என்றாள்.

ஆத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சித்திரையில் ஓடைக்கரைக் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்து எங்கள் ஊர்ப் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். கும்மியில் சின்னாத்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் தாலி இறங்கியதிலிருந்து அவள் புளியமரத்தடியில் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். "அறுத்தவ காலு பட்டா ஓடை வத்திப்போகும்" என்பது பெரியவர்கள் வாக்கு.

அந்த வருடம், உறுமி முழங்கிக்கொண்டிருக்கையில், சின்னாத்தா மரத்தடியிலிருந்து நடந்துவந்து வட்டத்துக்குள் நின்றாள். உறுமி ஓய்ந்தது. சாமி வந்தவளை மட்டும் யாரும் மறிக்க மாட்டார்கள் என்பதால் பூசாரி கைகூப்பி, "எந்தக் கன்னி வந்திருக்க தாயே?" என்று கேட்டார். ஒரு பொய் போதும், பொழுது சாயும்வரை ஆடியிருக்கலாம்.

"சாமியெல்லாம் வரல மாமா. நாந்தேன் வந்திருக்கேன்" என்றாள்.

"ஏலே, அவள வெளிய போகச் சொல்லுங்கலே!" என்று ஒரு கூச்சல். உறுமிக்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்போது என் ஆத்தா, நெற்றிக் குங்குமம் வேர்வையில் வழிய, தங்கச்சிக்கு எதிரே போய் நின்று கையைத் தட்டினாள். மேளம் இல்லாமலே அக்காளும் தங்கச்சியும் ஒரு சுற்று வந்தார்கள். அடுத்த சுற்றில் வேறு கைகளும் சேர்ந்தன, என் கையும்தான்.

அந்தக் கோடையில் ஓடை வற்றியது. எல்லாக் கோடையிலும் வற்றுகிற ஓடைதான். பழி மட்டும் அவள் தலையில் விழுந்தது. "போனா போகுது, ஐப்பசியில தண்ணி வராமயா இருக்கும்?" என்றாள் சின்னாத்தா. மறுவருடம் புளியமரத்தடியில் ஒதுங்கி நிற்க ஒருத்தியும் இல்லை; தாலியறுத்தவர்களும் வட்டத்துக்குள்தான் நின்றார்கள்.

இப்போது கன்னிமாருக்குச் சிமெண்டுக் கூரை. ஒலிபெருக்கி பாடுகிறது, பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்து பொங்கல் வாங்கிப் போகிறார்கள். விலகி நில் என்று சொல்வாரில்லை. ஆடுவாரும் இல்லை.

ஏத்தா பேத்தி, இதை ஒருக்கா வாசித்துக் காட்டு. சின்னாத்தா பூசாரிக்குப் பதில் சொல்லும் இடத்தை மட்டும் முனங்காமல் வாசி.