கதவு மாமாவின் கடைசித் தொடர்

எங்கள் வானொலி நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊர்க் குழந்தைகளுக்கு அவர் கதவு மாமா. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்த எனக்கு அண்ணன். தினமும் சாயங்காலம், செய்திக்கு முன்னால் கொஞ்ச நேரம் அவருடைய தொடர்கதை. எந்தக் கதையாக இருந்தாலும் அதில் ஒரு கதவு இருக்கும். மாடிப்படிக்கு அடியிலோ, காலியான தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ, காயப்போட்ட துணிகளுக்கு நடுவிலோ. ஒரு குழந்தை அதன் வழியாக வேறோர் உலகத்துக்குப் போகும்.

அந்த மாதிரிக் கதைக்கென்று சில விதிகள் உண்டு. சமையல்காரர்கள் உப்பு, காரம் பற்றிப் பேசுவதைப் போல அண்ணன் டீ குடித்துக்கொண்டே அவற்றைப் பற்றிப் பேசுவார். முதல் வேலை பெரியவர்களை அப்புறப்படுத்துவது. அப்பாவை வெளியூருக்கு அனுப்பிவிட வேண்டும், அம்மாவுக்குத் தலைவலி கொடுத்துப் படுக்க வைத்துவிட வேண்டும். அவர்கள் பக்கத்தில் இருந்தால் எந்தக் கதவும் திறக்காது. கதவைத் தேடிப் போகிற குழந்தைக்கு அது கிடைக்காது, உருண்டோடிய பந்தை எடுக்கப் போகிற குழந்தைக்குத்தான் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு பிராணி பேசும். அந்த உலகத்துக்கு வந்திருக்கும் ஆபத்தை இந்தக் குழந்தையால் மட்டும்தான் தீர்க்க முடியும், வீட்டில் பல் தேய்க்க நாலு தடவை சொல்ல வேண்டிய குழந்தையாக இருந்தாலும் சரி. கடைசியில் அது வீடு திரும்பும்போது இங்கே நேரமே ஆகியிருக்காது. அங்கே ஒரு வருஷம் அரசாண்டிருந்தாலும் இங்கே அம்மா வைத்துவிட்டுப் போன பால் ஆறியிருக்காது.

இந்தக் கடைசி விதியில் மட்டும் கை வைக்கவே கூடாது என்பார். கேட்கிற குழந்தை அடுத்துப் படுக்கப் போகிறது, அதை நடுக்காட்டில் நிறுத்திவிட்டு விளக்கை அணைக்கக் கூடாது என்று.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் அவர் குடியிருந்தார். அண்ணி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே மகள், கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவள். ஆள் சின்னதாக இருப்பாள் என்று வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பாவின் கதைகளை முதலில் கேட்டு வளர்ந்தவள் அவள்தான். வளர்ந்த பிறகு கேலி ஆரம்பித்தது. உங்கள் கதையில் வருகிற அம்மாக்களுக்கு எல்லாம் தைலம் வாங்கிக் கொடுத்தே அப்பாக்கள் ஓட்டாண்டி ஆகியிருப்பார்கள் என்பாள். அண்ணன் அதை நிலையத்தில் வந்து பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் அந்தக் கடையில் தங்க விளிம்பு போட்ட கண்ணாடி ஒன்றைக் காணவில்லை. அதைக் கடைசியாக ஒரு வாடிக்கையாளருக்கு எடுத்துக் காட்டியவள் பட்டாணி. கடைக்காரர் கூட்டத்தின் நடுவில் அவளுடைய கைப்பையை வாங்கி மேஜைமேல் கொட்டினார். சீப்பு, சாப்பாட்டு டப்பா, மடித்த கைக்குட்டை, தலைவலி மாத்திரை. அதோடும் விடாமல், போலீசைக் கூப்பிடட்டுமா, நீயே எடுத்துக் கொடுத்துவிடுகிறாயா என்று கேட்டார்.  அவள் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு வெளியே நடந்தாளாம். பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை.

அடுத்த வாரம் கடைக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, இழுப்பறையின் பின்புறச் சந்தில் அந்தக் கண்ணாடி விழுந்து கிடந்தது. கடைக்காரரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லேசா இருக்கே" என்றார். அண்ணன்தான் இதை என்னிடம் சொன்னார்.

அன்றைக்குத்தான் அவருடைய நிஜமான தவிப்பு தொடங்கியது. மகள் போனது ஒரு துக்கம். தன்மேல் விழுந்த பழி தீர்ந்துவிட்டது என்று தெரியாமலே அவள் எங்கேயோ தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய துக்கம். அப்போது கைபேசி எல்லோர் கையிலும் இல்லை. வயசு வந்த பெண், தன் காலால் நடந்து போயிருக்கிறாள் என்று காவல் நிலையத்தில் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் நிலையத்தின் பொது அறிவிப்பில், தொலைந்துபோன பெட்டிகளோடும் பைகளோடும் சேர்த்து அவள் பெயரையும் ஒருமுறை வாசித்தார்கள். மறுபடியும் வாசிக்க அண்ணன் கெஞ்சினார். சொந்த விஷயத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அனுமதி இல்லை என்றார்கள்.

விடுமுறை நாளெல்லாம் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். பெண்கள் விடுதி, ஆஸ்பத்திரி, தையல் ஆலை, கடைத்தெரு. ஒரு துறைமுக நகரத்தில் அச்சு அசலாக அவளைப் போலவே ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினார். அது வேறு யாரோ.  அண்ணி தையல் இயந்திரத்தை மூடிவிட்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கீழே சைக்கிள் கடைக்கு யார் வந்தாலும் எழுந்து எழுந்து பார்ப்பாராம்.

அத்தனைக்கும் நடுவில் அண்ணன் கதையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுப்பெரியாது. அப்படித்தான் ஒரு தொடரின் கடைசிப் பகுதி நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. பையன் திரும்பி வந்து கதவைச் சாத்துகிறான், சமையலறைக்கு ஓடுகிறான், "அம்மா வச்ச பால்" என்று சொன்னவர் நின்றுவிட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான் அவசரமாக இசைத்தட்டைப் போட்டு மிச்ச நேரத்தை ஓட்டினேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, அந்தப் பால் ஆறாத விதி இருக்கே, அது பிள்ளைங்களுக்காக வச்சது இல்ல. அந்தப் பிள்ளைங்களோட அம்மாவுக்காக வச்சிருக்காங்க. அவ காத்துக்கிட்டு இருக்க வேண்டாமேன்னு. இத்தனை வருஷம் சொல்லியும் எனக்கு இது தெரியாமப் போச்சு பாரு."

அடுத்த வாரம் புதுத் தொடர் ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு விளக்கைக் காணவில்லை, உடைத்து மறைத்துவிட்டாள் என்று ஒரு சிறுமிமேல் பழி. அவள் ஓடிப்போய் மாடிப்படிக்கு அடியிலிருந்த கதவுக்குள் நுழைந்துவிடுகிறாள். அதுவரைக்கும் வழக்கமான கதைதான். ஆனால் இந்தக் கதையில் வீட்டுக் கடிகாரம் நிற்கவில்லை. கதையும் சிறுமியோடு அந்தப் பக்கம் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. விளக்கு அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கீறல்கூட இல்லாமல் கிடைக்கிறது. அதை அவளுக்கு யார் போய்ச் சொல்வது? பெரியவர்கள் நுழைய முடியாத கதவாயிற்றே. அம்மா ஓர் அணிலை அனுப்புகிறாள். கதவைத் தாண்டியதும் அணிலுக்குச் சொல்ல வந்த செய்தி மறந்துபோகிறது. காக்காவை அனுப்புகிறாள், அது வழி தவறித் திரும்பி வருகிறது. ஒரு கிழட்டு நாயை அனுப்புகிறாள், நாய் போன இடம் தெரியவில்லை.

நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த பெண் அதிகாரியை நாங்கள் மேடம் என்போம். அவருக்குப் பட்டாணியின் விஷயம் தெரியும். தெரிந்தும் கொஞ்ச நாள் கண்டும் காணாமலும் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒலிப்பதிவு அறைக்கு வருவார், சட்டையில் மருந்து வாடை அடிக்கும். கதையைச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அவர் குரலில் என்ன இருந்ததோ, கேட்ட குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறது, அந்த நாய் என்ன ஆனது என்று கேட்டுப் பிடுங்குகிறது என்று பெற்றோர்கள் தொலைபேசியில் சத்தம் போட்டார்கள்.

மேடம் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். தன்னால் இனிமேல் தாக்குப்பிடிக்க முடியாது, மேலிடத்தில் கேட்கிறார்கள், நாளைக்கே அந்தச் சிறுமியை வீட்டுக்குக் கொண்டுவந்து கதையை முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"எப்படிங்க கொண்டுவர்றது?" என்றார் அண்ணன்.

"நீங்க நினைச்சா வந்துடுவாளே. உங்க கதைதானே?"

"எங்கேயாவது உட்கார்ந்து என் பொண்ணு கேட்டுக்கிட்டு இருந்தா? சிறுமி வந்த மாதிரி நான் முடிச்சிட்டா, சரி, இதுவும் அப்பாவோட வழக்கமான கதைன்னு எழுந்து போயிடுவா. என்கிட்ட மிச்சம் இருக்கிறது இந்த ஒரு வழிதாங்க."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, நாளையோடு தொடர் முடிகிறது என்பதில் மாற்றமில்லை, என்ன சொல்வது என்பது உங்கள் பொறுப்பு என்றார்.

மறுநாள் அண்ணன் கையில் தாள் எதுவும் இல்லாமல் வந்தார். கதையில் அம்மா அந்தக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இடுக்கில் வாயை வைத்துப் பேசுகிறாள். அதை அண்ணன் தன் சொந்தக் குரலிலேயே சொன்னார்.

"விளக்கு உடையலம்மா. கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. பழி சொன்னவங்களே வந்து மன்னிப்புக் கேட்டுட்டாங்க. இங்க யாருக்கும் உன்மேல கோபம் இல்ல. நீ வரணும்னு கூப்பிடல. இருக்கிற இடத்துலயே இரு. இதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு, தலை நிமிர்ந்து இரு."

அப்புறம், கதவு திறந்தே இருந்தது என்று சொல்லி ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தார். சிறுமி வரவில்லை. பிராணிகளும் வரவில்லை. முடிவு இசையைப் போட எனக்குத் தாமதமாகிவிட்டது.

அதோடு அவருக்கு வேலை போயிற்று. அந்த நேரத்துக்கு வினாடி வினா வந்தது. அண்ணன் ஒரு ஜவுளிக் கடையில் கூவி விற்கிற வேலைக்குப் போனார். தள்ளுபடி, தள்ளுபடி என்று நாள் முழுக்க அந்தக் குரல் தெருவில் கேட்கும். அந்தப் பக்கமாகப் போக எனக்குத் தைரியம் வராது, சுற்றிக்கொண்டு போவேன்.

குளிர்காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம் நிலையத்துக்கு வெளியூர் அழைப்பு ஒன்று வந்தது. கதை சொல்கிறவரிடம் பேச வேண்டும் என்று ஒரு பெண் குரல். அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றதும் வைக்கப் போனவளை நிறுத்தி, நான் ஓடிப்போய் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மேடம் வாங்கிக் காதில் வைத்தார். நானும் ஒட்டி நின்றேன், அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"விளக்கு உடையலன்னு சொன்னாங்களே, அது கதைக்காகச் சொன்னதா, நிஜமா?"



"கதைக்காகன்னா உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து முடிச்சிருப்பாரும்மா" என்றார் மேடம். "கண்ணாடி இழுப்பறைக்குப் பின்னால கிடைச்சுது. கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். நிஜம்தான்."

 அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. மேடம் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கினார். நான் ஜவுளிக் கடைக்கு ஓடினேன். அண்ணன் ஏணிமேல் நின்று கூவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு இறங்கத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்து இறக்கினோம்.

பட்டாணி தூரத்து நகரம் ஒன்றில் ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தாள். அங்கே நாள் முழுக்க வானொலி ஓடுமாம். அப்பா குரல் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவாளாம். கடைசிப் பகுதி வந்த அன்றைக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. கேட்ட பிறகும் நம்பவில்லை. அப்பாவின் கதைகள் எப்படி முடியும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும், ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்றே நினைத்திருக்கிறாள். ஆனால் சிறுமி கடைசிவரை வரவில்லை என்பது மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

தொலைபேசியில் அவளை வரச் சொன்னபோது அண்ணன் அண்ணியின் உடம்பைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்றார். அவள் வந்து இறங்கியதும் பேருந்து நிலையத்தில் வைத்து மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார், அங்கேயும் முடியவில்லை. அவள் மாடியேறி வந்து, அம்மா கட்டிலில் ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலருகே வந்ததும் அண்ணி இடது கையால் அவளை ஓர் அடி அடித்தார். அந்தக் கையாலேயே சட்டையைப் பிடித்து இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். கோணின வாயால் என்னவோ சொன்னார். அது பட்டாணிக்குப் புரியவில்லை, எங்கள் யாருக்கும் புரியவில்லை.

அவள் சில வாரம் இருந்து அம்மாவைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மருந்து கொடுத்தாள். கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி வேலை தருவதாகச் சொல்லியனுப்பியதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தத் தெரு வழியாக நடக்கவும் மாட்டாள். இந்த ஊரில் இருக்க முடியாது என்று அவளுக்கும் தெரிந்தது, அண்ணனுக்கும் தெரிந்தது. அம்மாவை அத்தனை தூரம் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை வந்து போவது என்று முடிவாயிற்று.

புறப்படுகிற அன்றைக்கு வண்டி ஏற்றிவிட நானும் போயிருந்தேன். பட்டாணி பையை எடுத்ததும் அண்ணி இடது கையால் கட்டில் சட்டத்தை அடிக்க ஆரம்பித்தார். சமாதானம் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே இருந்தார். விரல் கணு தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுவா, வந்துடுவா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டாணி பையைக் கீழே வைத்துவிட்டு, அம்மா கைக்குத் துணி கிழித்துக் கட்டினாள். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பேருந்து போய்விடும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அண்ணி அயர்ந்து தூங்கிய பிறகு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அடுத்த வண்டியில்தான் போனாள்.